கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதுமா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியாளர் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளில் ஒன்று, வீட்டில் யார் யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பது. பதில் சொல்வது அநேகமாகக் குடும்பத் தலைவர். “அம்மாவுக்கு?” “தெரியும் சார், மூணாப்பு வரைக்கும் போயிருக்கு.” அவ்வளவுதான், படிவத்தில் ‘எழுத்தறிவு பெற்றவர்’ என்று ஏறிவிடும். அந்த அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வரி வாசிக்கச் சொல்வது பணியாளரின் வேலையில் இல்லை.

வரையறை என்னவோ கறாரானதுதான். 7 வயது நிரம்பி, ஏதாவது ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிவு பெற்றவர். படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் இதில் சேர மாட்டார். பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரெய்லில் படிக்கத் தெரிந்த பார்வையற்றவரும் எழுத்தறிவு பெற்றவரே. வரையறை இத்தனை கறார், அளப்பதோ வாய்ச்சொல்லால். நாட்டு வளர்ச்சி பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடும் சதவீதம் இப்படித்தான் பிறக்கிறது.

அந்தச் சதவீதம் இந்தியாவுக்கு 1951இல் 18.33, 2011இல் 73. தமிழ்நாடு 2011இல் 80.09%. ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. மாவட்ட வாரியாகப் பார்த்தால் கன்னியாகுமரி 91.75, தருமபுரி 68.54. ஒரே மாநிலத்துக்குள் 23 புள்ளி இடைவெளி. அடுத்த கணக்கெடுப்பு 2027இல் முடிந்தால்தான் புது எண் வரும் என்பதால், இன்றைக்கும் எல்லாரும் புரட்டுவது இந்தப் பழைய எண்களைத்தான்.

இந்த எண் எப்படி ஏறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கிராமத்தில் 7 வயதுக்கு மேற்பட்டவர் 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தறிவு பெற்றவர் 700, பெறாதவர் 300. பெறாதவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பத்து ஆண்டுகளில் 100 பேர் இறக்கிறார்கள், அதில் 70 பேர் எழுத்தறியாதவர்கள். அதே காலத்தில் 180 பிள்ளைகள் 7 வயதைத் தாண்டுகிறார்கள், அவர்களில் 175 பேர் பள்ளியில் இருக்கிறார்கள். இப்போது மொத்தம் 1,080 பேர், எழுத்தறிவு பெற்றவர் 845. சதவீதம் 70லிருந்து 78க்குப் போய்விட்டது. முதியோர் வகுப்பு ஒன்றுகூட நடக்கவில்லை. ஏற்கெனவே ஊரில் இருந்த 45 வயதுக்காரி ஒருத்திக்கும் ஓர் எழுத்தும் கூடுதலாகத் தெரியவில்லை. மேடையில் சாதனையாகச் சொல்லப்படும் ஏற்றத்தில் ஒரு பெரும் பங்கு சாவும் பிறப்பும் செய்த வேலை.

ஆகவே வளர்ச்சிக்கு எழுத்தறிவு என்ன செய்கிறது என்று கேட்பவர், எத்தனை பேருக்குத் தெரியும் என்பதோடு நிறுத்தக் கூடாது. எவ்வளவு வேகமாகத் தெரியும், தெரிந்ததை வைத்து எதைப் படிக்கிறார்கள், படித்ததை வைத்து எதைச் செய்ய அவர்களுக்கு இடம் இருக்கிறது என்பவையும் சேர்ந்தால்தான் கேள்வி முழுமையாகும்.

பன்னிரண்டு நொடிக் கணக்கு

வேகம் ஏன் முக்கியம்? ஊராட்சி அலுவலகச் சுவரில் ஓர் அறிவிப்பு: “கிராம சபைக் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில் நடைபெறும்.” பதினொரு சொல். எழுத்துக் கூட்டி நிமிடத்துக்குப் பத்துச் சொல் வாசிப்பவருக்கு இதை முடிக்க ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும். ‘நடைபெறும்’ என்ற இடத்துக்கு அவர் வந்து சேரும்போது ‘வரும் ஞாயிறா, போன ஞாயிறா’ என்பது மனதில் நிற்காது. மனிதரின் உடனடி நினைவு அவ்வளவு நேரம் தாங்காது. ஒரு வாக்கியம் சுமார் 12 நொடிக்குள் முடிந்தால்தான் பொருள் பிடிபடும், அதற்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் வேகம் வேண்டும் என்பது வாசிப்பு வல்லுநர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அறுபது சொல் வேகத்தில் மேலே உள்ள அறிவிப்பு 11 நொடியில் முடிந்துவிடும்.

தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். நம் சொற்கள் நீளமானவை. ‘ஞாயிற்றுக்கிழமை’ ஒரே சொல், எட்டு எழுத்து. அதனால் ஆங்கிலத்துக்கென்று போட்ட சொல் கணக்கை அப்படியே தமிழ் வகுப்பறையில் வைத்தால் பிள்ளைகளை வீணாகத் தோற்கடிப்போம். கணக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம். ஆனால் ஒரு வாசல்படி இருக்கிறது, அதற்குக் கீழே நிற்பவர் ‘எழுத்துத் தெரிந்தவர்’தானே ஒழிய ‘வாசிப்பவர்’ இல்லை என்பது மாறாது.

1988 மே 5 அன்று தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் இதை ஓரளவு புரிந்துவைத்திருந்தது. கற்பவர் நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், மௌனமாக 35 சொல், பார்த்து எழுதுவது 7 சொல், சொல்வதைக் கேட்டு எழுதுவது 5 சொல், 1 முதல் 100 வரை எண்கள் என்று எழுதியே வைத்தது. மூன்று பாடநூல்கள், அவற்றின் உள்ளேயே தேர்வுகள், மொத்தம் சுமார் 200 மணி நேரம். இலக்கு 15 முதல் 35 வயதுக்காரர்கள்.

200 மணி நேரம் என்பதைக் கள நிலவரத்தோடு வைத்துப் பார்க்கலாம். இரவு இரண்டு மணி நேரம் வகுப்பு என்றால் 100 இரவுகள். வாரத்துக்கு ஐந்து நாள் நடந்தால் 20 வாரம், ஏறத்தாழ ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்துக்குள் ஒரு நடவோ ஓர் அறுப்போ வராமல் போகாது. வேலைக்குப் போய்வந்து, சமைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு வரும் பெண் ஐந்தில் மூன்று நாள் வந்தாலே பெரிது. அப்படியானால் அவருக்குக் கிடைத்தது 120 மணி நேரம். பதிவேட்டில் மட்டும் 200 முடிந்திருக்கும்.

வகுப்பு படுத்துவிடுவதற்கு இன்னொரு காரணத்தை அறிக்கைகள் அதிகம் பேசுவதில்லை: வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்கும். முழ நீளத்துக்குக் கையை நீட்டிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு மண்டையில ஏறல தம்பி” என்று எழுந்து போகும் அம்மாவுக்கு மண்டையில் குறை எதுவும் இல்லை, கண்ணாடி இல்லை. முதல் வாரத்திலேயே ஒரு கண் பரிசோதனை முகாம் போட்டு, மலிவான வாசிப்புக் கண்ணாடி கொடுத்துவிட்டால் வகுப்பில் தலைகள் குறையாது. வெளிச்சமும் அப்படித்தான். மங்கிய குண்டு பல்பின் கீழே 15 பேர் உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவர்கள் கேட்டுத்தான் கற்க முடியும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதும் பெரிய விஷயம். அ, ஆ, இ, ஈ என்று உயிர் பன்னிரண்டும் முடித்து, மெய் பதினெட்டும் முடித்து, பிறகு 216 உயிர்மெய்க்குள் நுழைந்தால், பெரியவர்களுக்கு முதல் ஒரு மாதத்தில் உருப்படியாக ஒரு சொல்லும் வாசிக்கக் கிடைக்காது. மாறாக ப, ட, ம என்ற மூன்று எழுத்தை எடுத்து, கூடவே புள்ளி, துணைக்கால், இகரக் குறி மூன்றையும் சொல்லிக்கொடுத்தால் படம், மடம், பட்டம், மாடி, பாட்டி, மாமா, பட்டா எல்லாம் முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும். ‘பட்டா’ என்ற சொல்லைத் தன் கண்ணால் படித்த விவசாயக் கூலி மறுநாள் வகுப்புக்கு வருவார். சுழித்து எழுதும் இ, ஞ போன்றவற்றுக்குக் கை பழகிய பிறகு வந்தால் போதும்.

எழுத்துச் சீர்திருத்தம் என்று 1978இல் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணையை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். பெரியார் 1930களிலேயே தன் இதழில் பயன்படுத்திய வடிவங்கள்தான் அவை. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய சுழிகளை விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே காலும் ஐகாரக் கொம்பும் போட்டால் போதும் என்றானது. புதிதாகக் கற்பவருக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய வடிவங்கள் குறைந்தன. கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும் உகர வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது. முதியோர் வகுப்பானாலும் ஒன்றாம் வகுப்பானாலும் அதிகம் சிக்குவது அங்கேதான்.

புதுக்கோட்டையில் நடந்தது

1991–92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம் ஏன் இன்னும் பேசப்படுகிறது? அப்போது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தவர், ஆசிரியர்கள், படித்த இளைஞர்கள், இளம்பெண்கள் என்று ஆயிரக்கணக்கானோர் சம்பளமில்லாத் தொண்டர்களாக இறங்கினார்கள். வீடு வீடாகக் கணக்கெடுப்பு, கலைப் பயணம், பாட்டு, நாடகம் எல்லாம் இருந்தன. அவை மற்ற மாவட்டங்களிலும் இருந்தன. புதுக்கோட்டையின் தனித்தன்மை சைக்கிள்.

அறிவொளிப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றியிருக்கும். சம்பந்தம் நேரடியானது. தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டத் தெரிந்தால் நாளுக்கு ஒரு மணி நேரமாவது மிச்சம், இரவு வகுப்புக்கு வர நேரம் கிடைக்கும். அடுத்த ஊர்ச் சந்தைக்கும் வங்கிக்கும் பேருந்தையோ வீட்டு ஆணையோ எதிர்பார்க்காமல் போய்வரலாம். போனால் அங்கே படிக்க ஒரு பலகை, நிரப்ப ஒரு படிவம் இருக்கும். அதே காலத்தில் கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். அதுவரை குவாரியில் கல் உடைத்த கைகள் கணக்கு நோட்டை எடுத்தன. எத்தனை லோடு போனது, எவ்வளவு வரவேண்டும் என்று பார்க்க எண்ணும் எழுத்தும் அன்றாடத் தேவையாயின. எழுத்து நிலைத்தது அங்கே.

1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் அதே மாவட்டத்தின் எழுத்தறிவு 77.19%, மாநிலச் சராசரிக்கும் கீழே. யாராவது பொய் சொன்னார்களா என்றால், இல்லை. இயக்கங்கள் குறிப்பிட்ட வயதுக்காரர்களைத்தான் இலக்காக வைத்தன, கணக்கெடுப்போ 7 வயதிலிருந்து 90 வயதுவரை எல்லாரையும் எண்ணுகிறது. அது ஒரு காரணம். கூடவே, கற்றது மறந்துபோவது என்ற இரண்டாவது காரணமும் உண்டு. நிமிடத்துக்கு 15, 20 சொல் என்ற நிலையில் வகுப்பை விட்டவர், வீட்டில் படிக்க எதுவும் இல்லாதபோது ஓரிரு ஆண்டில் கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார். இதற்காகத்தான் தொடர் கல்வியும் வளர்கல்வி மையங்களும் திட்டத்தில் இருந்தன. பல ஊர்களில் அவை ஒரு பூட்டிய அறையும், வெளியே ஒரு பலகையும், உள்ளே பழைய செய்தித்தாள் கட்டுமாக முடிந்தன. முதல் கட்டத்துக்குக் கிடைத்த உற்சாகம் அதற்குக் கிடைக்கவில்லை, பணமும்தான்.

இப்போது நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களையும் 200 மணி நேரக் கற்றலையும் நம்பியே நிற்கிறது. முடிவில் 150 மதிப்பெண் தேர்வு: வாசிப்பு, எழுத்து, எண் தலா 50. வாய்மொழிக் கணக்கெடுப்பைவிட இது எவ்வளவோ மேல். தேர்வுக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டில் அதே ஆட்களை மறுபடி வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் ஏற்பாடும் வந்தால்தான் மறதியின் அளவு தெரியும்.

மூன்றாம் வகுப்பில் நிற்கும் தண்டவாளம்

முதியோர் வகுப்பு எவ்வளவு நன்றாக நடந்தாலும், எழுத்தறியாதவர்களைப் புதிதாக உருவாக்கும் குழாயைப் பள்ளிதான் அடைக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவருவதில் தமிழ்நாட்டின் வரலாறு நீளமானது. 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பகல் உணவு. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022 செப்டம்பர் முதல் காலை உணவு. அதில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும். தேசிய அளவுகோலின்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவில் 100 கிராம் தானியம், 450 கலோரி, 12 கிராம் புரதம். பசித்த பிள்ளை பத்தரை மணிக்கு மேல் பலகையைப் பார்க்காது என்பது ஆசிரியர்களுக்குப் பழைய செய்தி.

சைக்கிள் இங்கேயும் வருகிறது. பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்புச் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தபோது, உரிய வயதில் உயர்நிலை வகுப்பில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32% கூடியிருந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். தூரம் என்ற ஒற்றைத் தடையைக் குறிபார்த்து அடித்ததால் வந்த பலன் இது.

உள்ளே வந்த பிள்ளை படிக்கிறதா? நாட்டின் கிராமப்புற வீடுகளில் பிள்ளைகளை நேரில் வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் ‘அசர்’ ஆய்வின் 2024 முடிவு: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் 27.1%. ஐந்தாம் வகுப்பில் 48.8%. தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்பு எண் இந்தச் சராசரிக்கும் கீழே இருக்கிறது. சோதனை முறையில் மாநிலத்துக்கு மாற்றுக் கருத்து உண்டு. இருக்கட்டும். ஆனால் உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் 47%, நாட்டுச் சராசரியோ 28.4% என்று 2021–22 கணக்கைக் காட்டிப் பெருமைப்படும் மாநிலம், அடிப்பகுதியில் இருக்கும் இந்த ஓட்டையைச் சிறியது என்று தள்ள முடியாது.

ஓட்டை எங்கே என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். ‘கோழி’ என்று எழுதியிருக்கிறது. பிள்ளை இடமிருந்து வலம் போகிறது: முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். ஒலியோ ‘கோ’. கொம்பை மட்டும் பார்த்து ‘கே’ என்று தொடங்கிவிட்டால், காலைக் கண்டதும் திரும்பி வந்து திருத்த வேண்டும். ஒகர, ஓகார வரிசையில் பிள்ளைகள் தயங்குவது இதனால்தான். எழுத்துகள் பிடிபட்ட பிறகு இன்னொரு சுவர்: வீட்டில் ‘வந்துட்டாங்க’, புத்தகத்தில் ‘வந்துவிட்டார்கள்’. எழுத்துக் கூட்டி முடித்த பிள்ளைக்கு அது தான் நாளெல்லாம் பேசும் சொல்தான் என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இருக்கிறாரா? கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள். ஈராசிரியர் பள்ளியில் அந்த இருவரும் ஐந்து வகுப்புகளைப் பார்க்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போன நாளில் மற்றவர் அத்தனையையும் மேய்க்க வேண்டும். பாடநூல் முன்னே ஓடும், பிள்ளை பின்னால் நிற்கும், ஆண்டு முடிந்ததும் இரண்டும் அடுத்த வகுப்புக்குப் போகும். வயது வகுப்பை விட்டு, வாசிக்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இந்தச் சிக்கலைச் சரியாகவே பிடித்திருக்கிறது. அதில் வரும் பதிவேற்ற வேலை ஆசிரியரின் நேரத்தைத் தின்னாமல் இருந்தால் பலன் இன்னும் கூடும்.

படிப்பும் தொட்டிலும்

எழுத்தறிவு வளர்ச்சியைத் தொடும் இடங்களில் மிக உறுதியாக நிறுவப்பட்டது தாயின் படிப்பு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பள்ளிக்கே போகாத பெண்ணுக்குச் சராசரியாக 2.8 குழந்தைகள். 12 ஆண்டோ அதற்கு மேலோ படித்தவருக்கு 1.8. ஜான் கால்டுவெல் (நம் திருநெல்வேலிக் கால்டுவெல் அல்ல, ஆஸ்திரேலிய மக்கள்தொகையியல் அறிஞர்) 1979இல் நைஜீரியாவை வைத்து எழுதியபோது ஒன்றைச் சுட்டினார்: படித்த தாயின் குழந்தை பிழைப்பதற்கு மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்தது மட்டும் காரணமில்லை. காய்ச்சல் என்றதும் யாரையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படும் துணிச்சல், வீட்டில் தன் சொல்லுக்கு ஏறிய மதிப்பு, மருத்துவரிடம் மறுகேள்வி கேட்கும் தைரியம் ஆகியவையும் படிப்போடு சேர்ந்து வருகின்றன. புதுக்கோட்டைச் சைக்கிளுக்கு அந்த வலிமை எங்கிருந்து வந்தது என்பது இதை வைத்துப் பார்த்தால் விளங்கும்.

கூலி, தொழில் பக்கம் வந்தால் உறவு இவ்வளவு நேராக இல்லை. வேலை இல்லாத ஊரில் படிப்பு கூடினால் பேருந்து நிலையத்தில் கூட்டம் கூடும். படித்த பெண்ணுக்கு வீட்டுக்கு அருகே பாதுகாப்பான வேலை இல்லையென்றால் சான்றிதழ் பீரோவுக்குள் இருக்கும். படிப்பு மட்டும் தொழிற்சாலையைக் கொண்டுவராது. வந்த தொழிற்சாலையில் யார் எந்த இடத்தில் நிற்பார் என்பதில்தான் அதன் கை ஓங்கும்.

இத்தனைக்கும் நடுவில், ஊரின் எழுத்தறிவை உள்ளபடி அறிய ஓர் எளிய இடம் மகளிர் சுய உதவிக் குழு. 1989இல் தருமபுரியில் தொடங்கிப் பரவிய ஏற்பாடு அது. எழுத்தறிவில் கடைசியில் நிற்கும் அதே தருமபுரிதான். 12 முதல் 20 பெண்கள், ஒரு தீர்மான நோட்டு, ஒரு ரொக்கப் பதிவேடு, ஆளுக்கொரு பாஸ்புக். தீர்மானத்தின் கீழே இருபது கையெழுத்தும் வரிசையாக இருக்கும், கைநாட்டு ஒன்றுகூட இருக்காது. மேலே உள்ள பத்தியை எழுதியது மட்டும் எல்லா மாதமும் ஒரே கை. குழுவை நடத்தும் ஊக்குநர் எழுதுவார், மற்றவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். கடன் பாக்கியில் தகராறு வரும்போதுதான், இத்தனை நாளாக அந்தப் பத்தியை யாரும் படித்ததே இல்லை என்பது தெரியவரும்.

இதைச் சரிசெய்யச் செலவு இல்லை. தீர்மானம் எழுதும் முறையை மாதம் ஒருவராகச் சுற்றில் விடலாம். எழுதியதை, எழுதாத ஒருவர் எழுந்து நின்று உரக்கப் படித்த பிறகே கையெழுத்து என்று வைக்கலாம். முதல் இரண்டு மூன்று கூட்டங்கள் இழுக்கும். பாதி வரியில் ஒருவர் நிற்பார், பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுப்பார். அந்தப் பெண்களின் பெயருக்கு எதிரே கணக்கெடுப்புப் படிவத்தில் என்ன குறித்திருக்கிறது என்று பார்த்தால், ‘எழுத்தறிவு பெற்றவர்’ என்றே இருக்கும்.